‘பால் போதுமா?’ என்று கேட்காதீர்கள், தம்பி!

சிஸ்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஒன்றைத் தவிர எல்லாம் ஆண்கள் எழுதியவை, அதுவும் தாய்ப்பாலைப் பற்றி. 31 வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். அங்கே அப்பா என்றால் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். பில் கட்டக் கூப்பிட்டால் எழுந்து வருபவர். அவர்கள் இப்போது குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதி அனுப்புகிறார்கள். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நீளமான கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகளுக்கு இன்று 20 நாள். பிறந்தபோது 3 கிலோ. 12-ஆம் நாள் டாக்டரிடம் காட்டியபோது 3 கிலோ 120 கிராம். சாயங்காலம் ஆறு மணிக்கு மார்பில் வாய் வைத்தால் பத்து மணி வரை விடுவதில்லை. எடுத்தால் அழுகை. மனைவி துவண்டுபோகிறாள். 13-ஆம் நாள் நானே பால் பவுடர் வாங்கி வந்து, ராத்திரி 11 மணிக்கு 90 மில்லி புட்டியில் கொடுத்துவிட்டு மனைவியைத் தூங்கச் சொன்னேன். நாலு மணி வரை இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். தினமும் அப்படியே செய்கிறேன். ஆனால் இந்த ஒரு வாரத்தில் நிஜமாகவே பால் குறைந்துவிட்டது போலிருக்கிறது. மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நல்லதுதானே செய்தேன்?

பதில்: மனசு நல்லதுதான் தம்பி. கணக்கில்தான் தப்பு.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறையும். பிறந்த எடைக்குத் திரும்ப பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும். உங்கள் மகள் 12-ஆம் நாளே அதைத் தாண்டி 120 கிராம் கூடியிருக்கிறாள். அதாவது நீங்கள் கடைக்குக் கிளம்பிய அன்று உங்கள் மனைவிக்குப் பால் போதுமானதாகத்தான் இருந்தது. போதாமல் இருந்தது தூக்கம்.

சாயங்காலம் மணிக்கணக்கில் மார்பை விடாமல் இருப்பது பல குழந்தைகளின் வழக்கம். இந்த அழுகை ஆறாவது வாரம் வரை ஏறிவிட்டு அப்புறம் இறங்கும். பசிக்காக மட்டும் அழுவதில்லை. அந்த நேரத்தில் குழந்தைக்கு மார்பு சாப்பாடும்தான், தொட்டிலும்தான்.

இனி பால் எப்படிக் குறைந்தது என்று பார்ப்போம். மார்பு ஒரு தொட்டி, நிரப்பி வைத்தால் நாளைக்கு ஆகும் என்று நிறைய ஆண்கள் நினைக்கிறார்கள். நேர்மாறு. காலியாகக் காலியாகத்தான் அது வேகமாகச் சுரக்கும். நிறைந்து அப்படியே நின்றால், ‘இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது’ என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். நீங்கள் ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்தது சரியாக அந்த நேரத்தை. முதல் இரண்டு நாள் விடியற்காலையில் அவர்களுக்கு மார்பு கனத்து வலித்திருக்குமே, கேட்டுப்பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து வலி இருந்திருக்காது. உடம்பு அதற்குள் குறைத்துக்கொண்டது.

சரிசெய்துவிடலாம். 20 நாள் ஒன்றும் தாமதமில்லை. ஆனால் இன்றைக்கே டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு வாரமாக அந்த 90 மில்லி குழந்தையின் கணக்கில் சேர்ந்துவிட்டது. முதலில் எடை பார்த்துவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, 90-ஐ 60 ஆக்கி, 60-ஐ 30 ஆக்கி, சில நாளில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பு, பிறகுதான் மற்றது. 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குழந்தை மார்புக்கு வர வேண்டும். ராத்திரியும் அதில் சேர்த்தி.

‘அப்போ அவள் தூங்கவே வேண்டாமா?’ என்பீர்கள். அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. குழந்தை முனகியதும் எழுந்திருப்பது நீங்கள். டயபர் மாற்றி, மனைவி படுத்திருக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் வையுங்கள். குடித்து முடித்ததும் தூக்கித் தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, தூங்க வைப்பதும் நீங்களே. அவர்கள் விழித்திருக்க வேண்டியது குழந்தை குடிக்கும் நேரம் மட்டும். விளக்கைப் போட்டு எழுந்து, நடந்து, திரும்பிப் படுத்துத் தூக்கம் வராமல் புரளும் ஒரு மணி நேரத்தை உங்களால் திருப்பித் தர முடியும். ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை என்றால் எவ்வளவு தூக்கம் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். சாயங்காலம் அந்த நாலு மணி நேரத்தில் இடையிடையே அரை மணி உங்கள் நெஞ்சில் போட்டுக்கொண்டு நடங்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டிருப்பீர்கள். “உனக்குப் பால் போதுமா?” என்று. கேட்காத அப்பாவை நான் பார்த்ததில்லை. என் வீட்டிலேயே பார்க்கவில்லை. என் மூத்தவன் பிறந்தபோது நான் வேலையில் சேர்ந்து மூன்று வருடம். பகலெல்லாம் ஊராருக்குப் பால் கொடுக்கச் சொல்லிக்கொடுப்பவள். ஒரு ராத்திரி பையன் விடாமல் அழ, என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் அதைக் கேட்டார். அந்த நிமிடம் வரை எனக்கு அப்படியொரு சந்தேகமே கிடையாது. அப்புறம் அது போகவே இல்லை. எல்லாம் தெரிந்த நர்ஸ், 40-ஆம் நாள் நிறுத்திவிட்டேன்.

மகள் பிறந்தபோது அவர் அதைக் கேட்கவில்லை. ஒரு பழைய டைரியை எடுத்துத் தேதி போட்டு, ஒவ்வொரு ஈரத் துணிக்கும் ஒரு கோடு, மலம் கழித்தால் ஒரு சுழி என்று போட்டுக்கொண்டே வந்தார். சாயங்காலம் நான் கண்கலங்கி உட்கார்ந்தால் டைரியை என் மடியில் வைத்து, “ஏழு கோடு, நாலு சுழி” என்பார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லத் தெரியாத மனுஷன். அவளுக்கு இரண்டேகால் வயது வரை கொடுத்தேன்.

அந்தக் கணக்கு உங்களுக்கும் வேண்டும். முதல் நாள் ஒரு ஈர டயபர், இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முதல் மாதத்தில் நாளைக்கு மூன்று நாலு தடவை மஞ்சளாக மலம் போகும். அதற்குக் குறைந்தால், சிறுநீர் அடர் மஞ்சளாகவோ செங்கல் பொடி நிறத்திலோ இருந்தால், குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், யாரையும் எதுவும் கேட்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் கோட்டைக் காட்டுங்கள், போதும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் 280 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதி அப்பாக்களுக்கு மட்டும் தாய்ப்பாலில் என்னென்ன சிக்கல் வரும், எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் முழுக்கத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பாதியில் 25 சதவீதம், மறுபாதியில் 15. பால் கொடுப்பதில் சிரமம் இருந்ததாகச் சொன்ன அம்மாக்களை மட்டும் எடுத்தால் 24 சதவீதத்துக்கு எதிராக 4.5. அம்மாக்களுக்கான ஆலோசனை இரண்டு பக்கமும் ஒன்றுதான். அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது ஒன்றே வித்தியாசம். சிரமமான வீட்டில்தான் அது இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

கேள்வி: சும்மா ஒரு சந்தேகம். அப்பா பால் கொடுக்கும் பிராணி ஏதாவது உண்டா?

பதில்: புறா! முலைப்பால் இல்லை, கழுத்தடியில் இரையைச் சேர்த்து வைக்கும் பையில் கெட்டியாக, தயிர் மாதிரி ஒன்று ஊறும். அதை ஆண், பெண் இரண்டும் குஞ்சுக்கு ஊட்டும். அதைச் சுரக்க வைப்பதும் மேலே சொன்ன அதே புரோலாக்டின்தான். மனித அப்பாக்களுக்கு அந்த வசதி இல்லை. சாக்கு மட்டும் இருக்கிறது.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாதம் சிசேரியன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அறுவை முடிந்து அவள் படுத்திருக்கும்போது, முதல் சில நாளில், பால் கொடுக்க நான் எப்படி உதவ முடியும்?

பதில்: நாளைக்கே டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: “மனைவி தியேட்டரில் இருக்கும்போது குழந்தையை நான் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாமா?” முன்கூட்டிக் கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் எல்லோருக்கும் அவசரம்.

சட்டையைக் கழற்றிவிட்டு, டயபர் மட்டும் போட்ட குழந்தையை வெறும் நெஞ்சில் கவிழ்த்து, மேலே துணி போர்த்திக்கொள்ள வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் மூடாமல் இருக்க வேண்டும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே, எக்தோர் மார்த்தினெஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இன்குபேட்டர் பற்றாக்குறையால் குறைமாதக் குழந்தைகளை இப்படி உடம்போடு வைக்க ஆரம்பித்தார்கள். ‘கங்காரு பராமரிப்பு’ என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். அப்பாவின் சூடும் சூடுதான். குழந்தையின் உடல் வெப்பமும் மூச்சும் நிதானப்படும்.

கொஞ்ச நேரத்தில் அது உங்கள் நெஞ்சில் எதையோ தேட ஆரம்பிக்கும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். சிரிக்காதீர்கள். பசியின் முதல் அறிகுறி அதுதான். அழுகை கடைசி அறிகுறி. அந்த நிமிடமே, மனைவி கண் விழித்திருந்தால், அம்மாவிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியனில் சில சமயம் தள்ளிப்போகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வயிற்றில் தையல் இருப்பதால் அவர்களால் திரும்பவோ குழந்தையைத் தூக்கவோ முடியாது. ஒவ்வொரு தடவையும் தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். குழந்தையின் உடம்பு தையல் மேல் படாமல், அம்மாவின் அக்குள் பக்கமாகக் கால் போகும்படி தலையணை மேல் வைத்துக் கொடுக்கலாம். இருவரும் பக்கவாட்டில் படுத்தும் கொடுக்கலாம். இரண்டையும் நர்ஸிடம் நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதிப் புரியவைக்கிற விஷயமில்லை.

முதல் நாளில் வருவது சீம்பால். சில மில்லிதான் இருக்கும்; அதற்கு அவ்வளவுதான் வேண்டும். பால் பெருகி வர இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆகும், சிசேரியனில் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகலாம். அதற்குள் பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, “இன்னும் பால் வரலையா?” என்பார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி, “வந்துகிட்டிருக்கு, நீங்க அப்புறம் வாங்க” என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள் என்றால் நீங்கள்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: (இது மனைவி எழுதியது.) என் கணவர் எல்லா வீடியோவையும் பார்த்துவிட்டார். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று, “வாயைப் பெரிசா திறக்கலை, தள்ளி வை, கையை மாத்து” என்று வகுப்பெடுக்கிறார். உதவி என்று நினைக்கிறார். எனக்கு அழுகை வருகிறது. எப்படிச் சொல்வது?

பதில்: இந்தப் பக்கத்தை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடம்மா. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

தம்பி, கிரிக்கெட் வர்ணனை வேண்டாம். ஆனால் உங்கள் கண் வேண்டும். ஏனென்றால் பால் கொடுப்பவள் மேலிருந்து பார்க்கிறாள்; அவளுக்குத் தெரிவது குழந்தையின் நெற்றியும் மூக்கும். கீழே நடப்பது தெரியாது. நீங்கள் கீழே தரையில் உட்கார்ந்தால் தெரியும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா? தாடை மார்பில் பதிந்திருக்கிறதா? காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவும், கீழுதட்டுக்குக் கீழே குறைவாகவும் தெரிகிறதா? முதல் சில உறிஞ்சலுக்குப் பிறகு ‘கக்’ என்று விழுங்கும் சத்தம் கேட்கிறதா? அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள், “சரியா இருக்கா?” என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லுங்கள்.

சரியாக இருந்தால், கேட்காமலே சொல்லலாம். அதற்குத் தடையில்லை.

குடித்து முடித்ததும் காம்பு லிப்ஸ்டிக் முனை மாதிரி சரிந்து நசுங்கியிருந்தால், வெடித்திருந்தால், பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம். அப்போது தாய்ப்பால் ஆலோசகரை ஏற்பாடு செய்வது உங்கள் வேலை. அடுத்த வீடியோவைத் தேடுவது இல்லை.

கேள்வி: மனைவிக்கு ஒரு பக்க மார்பு சிவந்து, கல் மாதிரி ஆகி, 38.7 டிகிரி காய்ச்சல். சூடு ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்த்துவிடச் சொல்கிறார்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?

பதில்: இது அச்சாகும் வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். இந்தக் காய்ச்சலோடு இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, திடீரென்று நிறுத்தினால்தான் கட்டுவது கூடும். தேய்க்கவும் வேண்டாம். வீங்கிய திசுவை அழுத்தினால் இன்னும் புண்ணாகும். நாங்களும் வார்டில் வருடக்கணக்காகச் சூடு, தேய்ப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022-இல் தன் வழிகாட்டியை மாற்றிக்கொண்டது: குளிர்ந்த ஒத்தடம், ஓய்வு, குழந்தை கேட்கும் அளவுக்குப் பால். ‘காலி பண்ணியே தீருவேன்’ என்று பம்ப் போட வேண்டாம்.

கேள்வி: மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஐந்து மாத மகனை வாரத்தில் மூன்று நாள் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் ஒன்பது மணி நேரத்துக்கு 300 மில்லி எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். அவன் மதியத்துக்குள் முடித்துவிட்டு இன்னும் கேட்கிறான். பால் போதவில்லை என்று தோன்றுகிறது.

பதில்: வந்துவிட்டார் பாருங்கள், அதே வார்த்தையோடு!

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750-லிருந்து 800 மில்லி வரை குடிக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 30 மில்லி. ஒன்பது மணி நேரத்துக்கு 270, 280. அவர்கள் வைத்தது சரியான அளவு. பிரச்சினை உங்கள் கையில் இருக்கும் புட்டியில். மல்லாக்கப் போட்டு, புட்டியைச் செங்குத்தாகப் பிடித்தால் பால் தானாக வாயில் கொட்டும். குழந்தை விழுங்கியே ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் காலி, வயிறு நிறைந்தது தெரிவதற்குள். மார்பில் அப்படி இல்லை, உழைத்துக் குடிக்க வேண்டும்.

ஆகவே குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சில மடக்குக்கு ஒரு தடவை தாழ்த்தி நிறுத்துங்கள். 15, 20 நிமிடம் ஆகட்டும். முகத்தைத் திருப்பினால் முடிந்தது. மிச்சம் இருக்கிறதே என்று திணிக்காதீர்கள். இரண்டு வாரம் செய்துவிட்டு எழுதுங்கள்.

எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம். ஃப்ரிட்ஜில் நாலு நாள். ஃப்ரீசரில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. உறைந்ததை இளக்கியபின் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் ஆறியிருக்கும், வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும். மேலே ஆடையாகக் கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, லேசாகச் சுழற்றிவிட்டால் கலந்துவிடும். வேலை முடிந்து வந்து அந்த பம்ப்பின் சின்னச் சின்ன உதிரிகளை அவர்களே கழுவுகிறார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் காணோம்.

கேள்வி: எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. அவன் என்னிடம் வந்தால் அழுகிறான், அம்மாவின் மார்புக்குப் போனால் அடங்குகிறான். நான் வீட்டில் வேண்டாத ஆள் மாதிரி இருக்கிறேன். எதற்கெடுத்தாலும் எரிச்சல். அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பதில்: வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. 2010-இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அப்பாக்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, மனைவியின் கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்திய முதல் வருடத்திலோ மனச்சோர்வு இருந்தது தெரிந்தது. குழந்தைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும் சமயத்தில்தான் அதிகம். நீங்கள் சரியாக அந்த இடத்தில் நிற்கிறீர்கள். குழந்தை தூங்கியும் தூக்கம் வராதது, காரணமில்லாத எரிச்சல் இரண்டையும் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் வாரம்கூட வேண்டாம், இன்றைக்கே.

குழந்தை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். பால் குடித்து வயிறு நிறைந்த பிறகு அவனை வாங்குங்கள். பசியில் வாங்கினால் நீங்கள் எப்போதும் தோற்கத்தான் செய்வீர்கள். அவனுக்கென்று ஒரு வேலையை முழுக்க உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். குளிக்க வைப்பது என்றால் தினமும் நீங்கள்தான், மனைவி ஓய்வாக இருந்தாலும் நீங்கள்தான். முதல் வாரம் அழுவான். அவனுக்கும் உங்கள் கை பழக வேண்டுமில்லையா? அப்புறம் எனக்கு எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.

கேள்வி: மூன்று மாதமாகக் காம்பு வெடிப்பு, இரண்டு தடவை மார்பில் சீழ். மனைவி தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்கிறாள். ஆறு மாதமாவது கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே. அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைக்க வேண்டாம். இரண்டு தடவை சீழ் வைத்த பிறகும் மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஆலோசகரை ஒரு தடவை பார்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், மறுபடி கட்டாமல் இருக்க. வீட்டில் யாராவது, “ஏன் நிறுத்திட்டே?” என்று அவர்களிடம் ஆரம்பித்தால், “நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம்” என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்கவும், பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்கவும் இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள். நாளை ராத்திரி முறை உங்களுடையது.